ஏற்காட்டு தோட்டத்துக்கு பழைய 207: உள்ள இருக்கற கியர்பாக்ஸ் என்னது, மலைக்கு தாங்குமா?

நீங்க கேட்டத ஒரு தடவ திருப்பி சொல்லிடறேன், படிக்கற மத்தவங்களுக்கும் புரியும். நாகலூர் பக்கம் காபி தோட்டம், உர மூட்டை ஏத்தவும் காபிக்கொட்டையும் மிளகும் சேலத்துக்கு இறக்கவும் ஒரு பழைய பிக்கப் வேணும், கீழ சேலத்துல 2006 மாடல் டாடா 207 டிஐ ஒண்ணு பாத்து வச்சிருக்கீங்க. விக்கிறவரு "கியர்பாக்ஸ் போன வருஷம்தான் மாத்தினது, அத பத்தி கவலையே வேண்டாம்"ங்கறாரு, ஆனா காலையில வண்டி எடுத்தப்ப ரெண்டாவது கியர் விழும்போது கறக்குனு ஒரு சத்தம், ரிவர்ஸ் போடும்போதும் கத்துது. இது எந்த கியர்பாக்ஸ்னு எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. ஆனா உங்க மனசுல ஓடற கேள்வி வேறங்க. மாத்தினேன்னு அவர் சொல்றதுல நெசமாவே என்னத்த மாத்தினாங்க, அது 20 கொண்டை ஊசி வளைவுல லோடோட ஏறி இறங்குமா, இதானே? அதுக்கே பதில் சொல்றேன்.

நான் கொண்டலாம்பட்டி பக்கம் பட்டறையில ரொம்ப வருஷமா கியர்பாக்ஸ் வேலைதான் பாக்கறேன், அதுக்கு முன்னாடி டிப்ளமோ ஆட்டோமொபைல் படிச்சது. வண்டி வாங்கறவங்க பாதி பேரு கியர்பாக்ஸோட பேர கேக்கறாங்க, நல்ல பாக்ஸா கெட்ட பாக்ஸான்னு. பேர வச்சு சொல்றதுக்கு பெருசா ஒண்ணுமில்லீங்க. நம்ம ஊரு பழைய பிக்கப்புல வர்ற பாக்ஸ் எல்லாமே லோடுக்குன்னு செஞ்சதுதான், ஒழுங்கா ஆயில் மாத்தினா வண்டிய விட அதிகமா உழைக்கும். கெடுறது ஓட்டற விதத்துல, தப்பான ஆயில்ல, அப்பறம் பாக்ஸோட சம்பந்தமே இல்லாத க்ளட்ச்சுல. அதனால பேரு தெரிஞ்சா நல்லது, ஆனா அது ஸ்பேர் வாங்கறதுக்கு மட்டும்தான் உதவும், வண்டி நல்லதான்னு சொல்லாது.

சரி, பேர முதல்ல முடிச்சிடலாம். ஆர்சி புக்குல இஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இருக்கும், கியர்பாக்ஸ் பத்தி ஒரு வார்த்தையும் இருக்காது. அதனாலதான் கியர்பாக்ஸ் மாத்தறவங்க யாருக்கும் தகவல் சொல்லாம மாத்திட்டு போயிடறாங்க. சேசிஸ் நம்பர் டாடான்னா எம்ஏடி (MAT), மஹிந்திரான்னா எம்ஏ1 (MA1) அப்படின்னு ஆரம்பிக்கும், அந்த முழு நம்பர கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர்ல குடுத்தா ஃபேக்டரியில இருந்து வரும்போது என்ன பாக்ஸ் இருந்துச்சுன்னு எடுத்து குடுப்பாங்க. கவனிங்க, வரும்போது என்ன இருந்துச்சுன்னுதான் அது சொல்லும், இப்ப அடியில என்ன தொங்குதுன்னு சொல்லாது. 207 டிஐயில வர்றது ஜிபிஎஸ் (GBS) 76-5/4.10. இதுல 5ங்கறது முன்னாடி போற கியர் எண்ணிக்கை, 4.10ங்கறது முதல் கியரோட ரேஷியோ, அதாவது இஞ்சின் 4.10 சுத்து சுத்தினா ப்ரொபெல்லர் ஷாஃப்ட், அதாவது பாக்ஸுல இருந்து பின் ஆக்சிலுக்கு போற நீள ஷாஃப்ட், ஒரு சுத்து சுத்தும். இதே 76 குடும்பம் சுமோவிலயும் இருக்கு, அதனால சுமோவுல இருந்து கழட்டினத 207ல மாட்டற பழக்கம் உண்டு. ஆனா பழைய சுமோவோட இஞ்சின் 483, அதாவது 4 சிலிண்டர், 83 மில்லி போர், 1948 சிசி. உங்க 207 டிஐயில இருக்கறது 497, 97 மில்லி போர், 2956 சிசி. பெரிய இஞ்சின், கீழ் ஆர்பிஎம்லயே இழுக்கற இஞ்சின். அதுக்கு சின்ன இஞ்சினோட பாக்ஸையும் க்ளட்ச்சையும் ஒட்டுப்போட்டு மாட்டியிருந்தா ஊருக்குள்ள ஓடும், மலையில நாறிப்போயிடும்.

மஹிந்திரா பக்கம் பாத்தா ரொம்ப பழைய ஜீப் வகையறாவுல டி 90னு 3 கியர் பாக்ஸ், அதுல முதல் கியருக்கு சிங்க்ரோவே (கியர் விழறதுக்கு முன்னாடி வேகத்த சமமாக்கற அமைப்பு) கிடையாது, உருண்டுக்கிட்டு இருக்கும்போது முதல் கியர் போட்டா கத்தத்தான் செய்யும், அது கோளாறு இல்ல. அப்பறம் 2112 சிசி பீஜோ இஞ்சினோட கேஎம்டி 90, 4 கியர். அதுக்கு பின்னாடி வந்த பொலேரோ பிக்கப் வகையில என்ஜிடி 530, 5 கியர். ஏற்காட்டு எஸ்டேட்டுகள்ல இந்த மூணையும் இன்னமும் பாக்கலாம், சிலது ஆர்சி உயிரோட இருக்கான்னே தெரியாம எஸ்டேட் கேட்டுக்குள்ளயே ஓடிட்டு இருக்கும், அது வேற கதை. குட்டியானைய இந்த கணக்குல சேக்காதீங்க, அது சின்ன இஞ்சின், 4 கியர், முதல் கியரே ஆறுக்கு மேல ரேஷியோ வச்சு செஞ்சது, அதோட ஒப்பிட்டு "அது ஏறுது இது ஏறல"ன்னு பேசறதுல அர்த்தமில்ல.

இப்ப அடியில போங்க. ஆமா, நெசமாவே அடியில படுக்கணும், சாக்கு ஒண்ணு எடுத்துட்டு போங்க. பாக்ஸோட உடம்புல வார்ப்புலயே எழுத்து, நம்பர் இருக்கும், மேல அழுக்கும் ஆயிலும் ஒரு விரல் கனத்துக்கு ஒட்டியிருக்கும், ஸ்க்ரூ டிரைவரால சுரண்டிட்டு டீசல் துணியால துடைச்சா தெரியும். டார்ச்ச நேரா அடிக்காம சைடுல இருந்து அடிச்சா வார்ப்பெழுத்து நல்லா எழும்பி தெரியும், அத ஃபோட்டோ எடுத்துக்கோங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, வார்ப்பு நம்பர் அந்த கூட்டோட நம்பர், உள்ள இருக்கற பல்லோட நம்பர் இல்ல. ஒரே கூட்டுல ரெண்டு மூணு விதமான ரேஷியோ செட் போட முடியும். கூடவே பாக்ஸ தாங்கற கிராஸ் மெம்பர பாருங்க. கம்பெனி ஓட்டை இல்லாம கேஸ் கட்டிங்ல புதுசா ஓட்டை போட்டிருக்காங்களா, கியர் ராடு வர்ற ஃப்ளோர் தகரத்த வெட்டி பெருசு பண்ணியிருக்காங்களா, ப்ரொபெல்லர் ஷாஃப்ட்ட நடுவுல வெட்டி ஒட்டியிருக்காங்களா. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா அந்த வண்டிக்கு சேராத பாக்ஸ கொண்டாந்து மாட்டியிருக்காங்கன்னு எடுத்துக்கலாம். ஷாஃப்ட்டுல வெல்டு இருந்து அது பேலன்ஸ் பண்ணாததா இருந்தா 50, 60ல போகும்போது வண்டியே உதறும், அந்த உதறல் பின் பேரிங்கையும் ஆயில் சீலையும் கொஞ்சநாள்ல தின்னுடும்.

ரேஷியோ என்னன்னு சந்தேகம்னா எண்ணியே பாத்துடலாம், இதுக்கு எந்த புத்தகமும் வேண்டாம். பாக்ஸ் கழட்டி கீழ இருந்தா ரொம்ப சுலபம், முதல் கியர்ல போட்டுட்டு பின் ஃப்ளேஞ்ச்ல ஒரு சாக்பீஸ் கோடு, முன்னாடி இஞ்சின் பக்கம் நீட்டிட்டு இருக்கற டாப் ஷாஃப்ட்டுல ஒரு கோடு, டாப் ஷாஃப்ட்ட கையால சுத்துங்க, பின்னாடி ஒரு முழு சுத்து வர்றதுக்கு முன்னாடி எத்தன சுத்துன்னு எண்ணுங்க, 4 சுத்தும் கொஞ்சமும் வந்தா 4.10. ஒரு சுத்துல அந்த கொஞ்சம் தெரியலைன்னா பின்னாடி பத்து சுத்து வர்ற வரைக்கும் சுத்துங்க, 41 வரணும். வண்டியில மாட்டியிருந்தா இஞ்சின் கம்ப்ரஷனோட மல்லுக்கட்டணும், அது கஷ்டம். ஆனா பின்னாடி ஆக்சில் ரேஷியோவ வண்டியில இருக்கும்போதே பாத்துடலாம். சமதளத்துல நிறுத்தி, ரெண்டு முன் வீலுக்கும் முன்ன பின்ன கட்டை குடுத்து, நியூட்ரல்ல போட்டு, பின்னாடி ஒரு வீல மட்டும் தூக்கி ஸ்டாண்டு வச்சிட்டு, தூக்கின வீல ரெண்டு முழு சுத்து சுத்துங்க. ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்துதோ அதான் ஆக்சில் ரேஷியோ. ஒரு வீல் தரையில நிக்கறதால டிஃபரன்ஷியல் பாதிய முழுங்கிடும், அதனாலதான் ரெண்டு சுத்து. ஹேண்ட் பிரேக் பின் வீல்லதான் பிடிக்கும், இந்த வேலைக்கு அத போட்டுட்டு சுத்தவும் முடியாது, எடுத்துட்டா வண்டிய நிறுத்தறது அந்த கட்டை மட்டும்தான், அதனால சரிவுல தயவுசெஞ்சு இத பண்ணாதீங்க.

ஆக்சில் எதுக்குன்னு கேப்பீங்க. மலையில வண்டி ஏறுதா திணறுதான்னு முடிவு பண்றது முதல் கியர் ரேஷியோவையும் ஆக்சில் ரேஷியோவையும் பெருக்கி வர்ற நம்பர். ஆக்சிலுக்குள்ள இருக்கற பெரிய பல்சக்கரம் கிரௌன், அத சுத்தற சின்னது பினியன். கிரௌன்ல 41 பல்லு பினியன்ல 9 பல்லுன்னு வச்சுக்கோங்க, 4.56 வருது, அத 4.10ஆல பெருக்கினா 18.7. யாராவது மைலேஜுக்கு ஆசைப்பட்டு கிரௌன் பினியன மாத்தி 3.7 கிட்ட கொண்டாந்திருந்தா அது 15ன்னு ஆயிடும். பைபாஸ்ல சீலநாயக்கன்பட்டியில இருந்து சங்ககிரி வரைக்கும் ஜோரா போகும், அடிவாரம் தாண்டி லோடோட மூணாவது நாலாவது வளைவுல க்ளட்ச்ச பாதி அமுக்கிட்டுத்தான் திருப்பணும், க்ளட்ச் கருகற வாசனை வீடு வரைக்கும் வரும். உங்களுக்கு பைபாஸ் வேண்டாம், மலை வேணும், பெரிய நம்பர்தான் உங்களுக்கு.

இன்னொரு குறுக்கு வழி, ஸ்பீடாமீட்டர். பழைய வண்டியில ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பாக்ஸோட வாலுல இருந்துதான் வருது, அங்க இருக்கற சின்ன பல்லு ஆக்சிலுக்கும் டயர் சைஸுக்கும் ஏத்த மாதிரி குடுத்தது. ஃபோன்ல ஜிபிஎஸ் வேகம் காட்டற ஆப் போட்டுட்டு ஸ்பீடாமீட்டர்ல 50ல ஓட்டிப் பாருங்க. நாலஞ்சு கிலோமீட்டர் வித்தியாசம் எல்லா வண்டியிலயும் இருக்கும். ஃபோன் 38 காட்டுது இல்லைன்னா 62 காட்டுதுன்னா பாக்ஸோ ஆக்சிலோ டயரோ ஏதோ ஒண்ணு அந்த வண்டியோடது இல்ல. எதுன்னு இது சொல்லாது, ஆனா விக்கிறவர்கிட்ட கேள்வி கேக்க ஒரு பிடி கிடைக்கும். கேபிளே அறுந்து தொங்குதுன்னா எத்தன கிலோமீட்டர் ஓடுச்சுங்கற பேச்சையே விட்டுடுங்க.

இப்ப உங்க சத்தத்துக்கு வர்றேன், இதான் முக்கியம். ரெண்டாவதும் கத்துது, ரிவர்ஸும் கத்துதுன்னு சொன்னீங்க இல்லையா, அந்த ரெண்டையும் சேத்து கேட்ட உடனே எனக்கு முதல் சந்தேகம் கியர்பாக்ஸ் மேல இல்ல, க்ளட்ச் மேல. காரணம் சொல்றேன். ஓடற பஸ்ஸுல ஏறணும்னா நாமளும் கூடவே ஓடி வேகத்த சமமாக்கிட்டுத்தான் கம்பிய பிடிக்கறோம், அந்த கூட ஓடற வேலைய பாக்ஸுக்குள்ள பாக்கறது சிங்க்ரோ ரிங், பித்தளையில இருக்கும். கியரோட கோன்ல உரசி வேகத்த சமமாக்கினதுக்கு அப்பறம்தான் கியர ஷாஃப்ட்டோட பூட்டற ஸ்லீவ் உள்ள போகும். இந்த பாக்ஸுல ரிவர்ஸுக்கு அந்த ரிங்கே கிடையாது. க்ளட்ச்ச அமுக்கினதும் உள்ள சுத்திட்டு இருக்கறது தானா நிக்கணும், நின்னதுக்கு அப்பறம் போட்டா சத்தமில்லாம விழும். அதனால இப்படி பண்ணுங்க. வண்டி நிக்கட்டும், இஞ்சின் ஐடில்ல, க்ளட்ச்ச முழுசா அமுக்கிட்டு மனசுல அஞ்சு எண்ணுங்க, அப்பறம் ரிவர்ஸ் போடுங்க. சத்தமில்லாம விழுந்தா உங்களுக்கு அவசரம், அவ்வளவுதான். அஞ்சு எண்ணியும் கத்துதுன்னா க்ளட்ச் முழுசா விடல, ப்ளேட் ஒட்டிக்கிட்டே சுத்துது. அடுத்து பெடல ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணிட்டு போட்டு பாருங்க, அப்ப நல்லா விழுதுன்னா ஹைட்ராலிக்ல காத்து இருக்கு, இல்ல மேலயோ கீழயோ சிலிண்டர் ரப்பர் போயிருக்கு, அது சின்ன வேலை. பம்ப் பண்ணியும் மாறலைன்னா ப்ளேட் வளைஞ்சிருக்கலாம், பைலட் பேரிங் இறுகியிருக்கலாம், அதுக்கு பாக்ஸ இறக்கித்தான் ஆகணும், ஆனா பாக்ஸ பிரிக்க வேண்டியதில்ல. இந்த வித்தியாசம் தெரியாமத்தான் நல்ல பாக்ஸ பிரிச்சு ரிங் செட் மாத்தி பில்லு போடறது நடக்குது, மறுபடி மாட்டினா அதே சத்தம்.

க்ளட்ச் சரியா விடுது, ஆனா ரெண்டாவது மட்டும் கத்துதுன்னா அப்பத்தான் சிங்க்ரோ. அதையும் உறுதி பண்ணிக்கலாம். மூணாவதுல இருந்து ரெண்டாவதுக்கு இறக்கும்போது டபுள் க்ளட்ச் பண்ணுங்க, அதாவது க்ளட்ச் அமுக்கி நியூட்ரல், க்ளட்ச்ச விட்டு லேசா ஆக்சிலேட்டர், திரும்ப க்ளட்ச் அமுக்கி ரெண்டாவது. பழைய லாரி டிரைவருங்க எல்லாரும் கண்ண மூடிட்டு பண்ணுவாங்க, உங்களுக்கு வரலைன்னா அப்படி ஒருத்தர கூட்டிட்டு போங்க. இப்படி போட்டா வழுக்கிட்டு விழுது, சாதாரணமா போட்டா கத்துதுன்னா ரிங் தேஞ்சிருக்குங்கறது கிட்டத்தட்ட நிச்சயம். அதுவே காலையில முதல் ரெண்டு மூணு தடவ மட்டும் கத்தி, வண்டி சூடானதும் சரியாயிடுதுன்னா ரிங் தேய்மானம் ஆரம்பமா இருக்கலாம், ஆயில் கெட்டியா இருக்கறதாவும் இருக்கலாம், ரெண்டையும் வெளிய இருந்து பிரிச்சு சொல்ல முடியாது, சரியான ஆயில் மாத்திட்டுத்தான் பாக்கணும். சூடானதுக்கு அப்பறம் அதிகமாகுதுன்னா கெட்டி ஆயில்ங்கற சந்தேகமும் வேண்டாம்.

ஆயில் பேச்சு வந்துடுச்சு. விக்கறதுக்கு முன்னாடி சத்தத்த அமுக்க 140 நம்பர் கெட்டி ஆயில ஊத்தறது ரொம்ப பழைய வித்தை, பேரிங் சத்தம் கொஞ்சநாளைக்கு அடங்கிடும். விக்கிறவர்கிட்ட கேட்டுட்டு லெவல் ப்ளக்க கழட்டி விரல விட்டு பாருங்க, சமதளத்துல நின்னா ஆயில் அந்த ஓட்டையோட அடி விளிம்பு வரைக்கும் இருக்கணும். தேன் கணக்கா நூல் இழுத்துக்கிட்டு வந்தா 140. காலையில குளுருல கியர் ராடு கம்பு மாதிரி இறுகி, ரெண்டு கிலோமீட்டர் ஓடினதும் இளகினாலும் அதே சந்தேகம்தான். அடி ப்ளக்க கழட்ட ஒத்துக்கிட்டா இன்னும் நல்லது, ஒரு அகலமான தட்டுல பிடிங்க. ப்ளக்கோட காந்தத்துல சாம்பல் நிறத்துல மை மாதிரி ஒட்டியிருக்கறது சாதாரணம், வருஷக்கணக்குல ஓடினா வரத்தான் செய்யும். நகத்துல நெருடற அளவுக்கு இரும்பு சில்லு வந்தா பல்லு உடையுது, இல்ல பேரிங் உரியுது, பேச்சே இல்ல, பாக்ஸ் பிரிக்கணும். ஆயில வெயில்ல காட்டினா பொன் தூள் மாதிரி மினுங்கறது பித்தளை, கொஞ்சம் இருந்தா பரவால்ல, தட்டோட அடியில படியற அளவுக்கு இருந்தா ரிங் எல்லாம் கரைஞ்சு ஆயில்ல இருக்குன்னு அர்த்தம். பால் கலந்த டீ நிறத்துல இருந்தா தண்ணி போயிருக்கு, மழையில ஓடையில இறக்கற எஸ்டேட் வண்டியில பாக்கறதுதான், ப்ரீதர், அதாவது பாக்ஸுக்கு காத்து போய் வர்ற துளை, அடைச்சிருக்கும்.

இதுல ஒரு தப்பு பரவலா நடக்குது. க்ரௌனுக்கு ஊத்தற ஜிஎல் 5 ஆயிலையே கியர்பாக்ஸுக்கும் ஊத்திடறாங்க, ரெண்டும் 90 நம்பர்தானேன்னு. நம்பர் கனத்த மட்டும்தான் சொல்லுது. ஜிஎல் 5ல அழுத்தம் தாங்கறதுக்காக கந்தகச் சேர்மானம் அதிகம், அது கிரௌன் பினியனுக்கு அவசியம், ஆனா பித்தளை ரிங்குக்கு சிலது ஆகாது, வழுக்கலும் அதிகம், கோன்ல பிடிப்பு கிடைக்காம சிங்க்ரோ வேலை செய்யாது. இந்த மாதிரி பித்தளை ரிங் பாக்ஸுக்கு ஜிஎல் 4தான் பொதுவா சரி, கனம் என்னன்னு வண்டியோட மேனுவல பாத்து ஊத்துங்க. உங்க வண்டியில காலையில மட்டும் கத்தறதுக்கு இதுவே காரணமா இருந்தா நீங்க அதிர்ஷ்டக்காரர்.

சத்தத்த கேக்கறது எப்படின்னு சுருக்கமா சொல்றேன். நியூட்ரல்ல ஐடில்ல நிக்கும்போது ஒரு ஊளை மாதிரி கேட்டு, க்ளட்ச்ச அமுக்கினா நின்னுடுதுன்னா டாப் ஷாஃப்ட் பேரிங், இல்ல லே ஷாஃப்ட் (பாக்ஸுக்குள்ள அதுக்கு இணையா சுத்தற ஷாஃப்ட்) பேரிங். அமுக்கும்போதுதான் வருதுன்னா ரிலீஸ் பேரிங், பயப்பட ஒண்ணுமில்ல. ஓடும்போது நாலாவது கியர்ல மட்டும் அமைதியாயிட்டு முதல், ரெண்டு, மூணுல ஊளையிடுதுன்னா லே ஷாஃப்ட்டயும் அதோட பேரிங்கையும் சந்தேகப்படுங்க, ஏன்னா இந்த பாக்ஸுகள்ல நாலாவது டைரக்ட், முன்னாடி ஷாஃப்ட்டும் பின்னாடி ஷாஃப்ட்டும் நேரா கோத்துக்கும், லே ஷாஃப்ட் சும்மா சுத்தும், பாரம் அதுமேல ஏறாது. எல்லா கியர்லயும் ஒரே மாதிரி, வேகத்த பொறுத்து மட்டும் ஏறி இறங்கற சத்தம்னா பாக்ஸோட பின் பேரிங்கா இருக்கலாம், பின்னாடி கிரௌனா இருக்கலாம், ஜாயிண்ட் கிராஸாவும் இருக்கலாம். ஆக்சிலேட்டர் குடுக்கும்போது ஒரு சுதி, விடும்போது வேற சுதின்னா நான் கிரௌன் பக்கம் சாய்வேன், ஆனா சீட்டுல உக்காந்துக்கிட்டு சத்தியம் பண்ண மாட்டேன். கீழ படுத்து, பாக்ஸுக்கு பின்னாடி ஃப்ளேஞ்ச ரெண்டு கையால பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க, கைக்கு தெரியற மாதிரி லொடலொடன்னு தூக்கிச்சுன்னா பின் பேரிங் போச்சு, அங்க ஆயில் சீல எத்தன தடவ மாத்தினாலும் ஒழுகும். சுத்து வாட்டத்துல கொஞ்சம் ஆடறது எல்லா வண்டியிலயும் இருக்கறதுதான், அத காட்டி யாராவது பயமுறுத்தினா கண்டுக்காதீங்க.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் காசு விஷயம். இனி சொல்றது உசுரு விஷயம், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். கியர் ஜம்ப் ஆகுதான்னு, அதாவது போட்ட கியர் தானா கழண்டு நியூட்ரலுக்கு வருதான்னு, பாக்காம மலைக்கு வண்டி வாங்காதீங்க. சமதளத்துல பவர்ல போகும்போது நல்லா இருக்கும், ஆக்சிலேட்டர விட்டு இஞ்சின் பிடிச்சு இழுக்கும்போதுதான் தேஞ்ச பல்லு ஸ்லீவ வெளிய தள்ளும், அது நடக்கற இடம் இறக்கம். லோடோட ரெண்டாவதுல இறங்கிட்டு இருக்கீங்க, வளைவுக்கு முன்னாடி ராடு தானா நியூட்ரலுக்கு வந்துடுச்சுன்னா மொத்த பாரமும் பிரேக் மேல வரும், ஏற்கனவே பத்து வளைவு இறங்கி ட்ரம் சூடா இருக்கும். அதனால விக்கிறவர்கிட்ட கண்டிப்பா மலை ஓட்டம் கேளுங்க. வார நாள் காலையில போங்க, சனி ஞாயிறு டூரிஸ்ட் கூட்டத்துல டெஸ்ட் பண்ண முடியாது. மூட்டையோ ஹாலோ ப்ளாக்கோ பாதி லோடாவது ஏத்துங்க, ஆளுங்கள பின்னாடி ஏத்திட்டு போகாதீங்க, சட்டப்படியும் தப்பு, டெஸ்ட் பண்ற வண்டியில சுத்தமா கூடாது. முதல்ல அடிவாரத்துலயே மெதுவா ஓட்டி பிரேக் நல்லா பிடிக்குதான்னு பாத்துக்கிட்டு, நாலஞ்சு வளைவு ஏறி, இடம் இருக்கற எடத்துல திருப்பிட்டு இறங்குங்க. இறங்கும்போது ஒவ்வொரு கியர்லயும் ஆக்சிலேட்டர பட்டுன்னு குடுத்து பட்டுன்னு விடுங்க, கைய ராடு மேல வைக்காம பக்கத்துல வச்சிருங்க. ராடு நடுங்கி பின்னாடி வர பாக்குதா, டொக்குனு வெளிய விழுதா பாருங்க. காலு எப்பவும் பிரேக் பக்கத்துல. விக்கிறவரு ஓட்டறப்ப ஒரு கையால ராட அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இறங்கறாரா, ராட கட்ட டாஷ்போர்டுல கயிறோ ரப்பரோ இருக்கா, அதையும் கவனிங்க, தெரிஞ்ச ஜம்ப மறைக்கற கை அது.

ஜம்ப் ஆனாலே பாக்ஸ் குப்பைன்னு இல்லீங்க. ராடு அடியில இருக்கற ரப்பர் பூட் தடிச்சு கியர் முழுசா விழாம தடுக்கலாம், மவுண்டிங் ரப்பர் கிழிஞ்சு பாக்ஸ் முன்ன பின்ன நகரலாம், கியர அதோட எடத்துல பிடிச்சு வைக்கற டிடென்ட் ஸ்பிரிங் உடைஞ்சிருக்கலாம். இதெல்லாம் சின்ன செலவு. கியர் போட்டதுக்கு அப்பறமும் ராடு இன்னும் கொஞ்சம் முன்னாடி போக இடம் இருக்கா, ஃப்ளோர்ல முட்டுதான்னு முதல்ல பாருங்க. அது எல்லாம் சரியா இருந்தும் ஜம்ப் ஆனா ஸ்லீவ தள்ளற ஃபோர்க்கோ, ஸ்லீவோ, அது கோத்துக்கற டாக் பல்லோ தேஞ்சிருக்கு. பல்லோட முனை உருண்டு போயிருந்தா ஸ்லீவும் கியரும் ஜோடியா மாத்தணும், ஒண்ண மட்டும் மாத்தினா பழசு புதுச தின்னுடும். இது எந்த அளவுக்கு போயிருக்குன்னு வெளிய இருந்து ஒருத்தராலயும் சொல்ல முடியாது, திறந்தாத்தான் தெரியும், சொல்றேன்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

அப்பறம் அந்த "மாத்தினது". இந்த வார்த்தைக்கு எங்க லைன்ல மூணு அர்த்தம் உண்டு. இருந்த பாக்ஸ பிரிச்சு பேரிங், ரிங் போட்டது. பழைய இரும்பு கடையில இருந்து வேற ஒரு பாக்ஸ எடுத்து அப்படியே தூக்கி மாட்டினது. க்ளட்ச் ப்ளேட் மட்டும் மாத்திட்டு கியர்பாக்ஸ் வேலைன்னு சொல்றது. பில்லு கேளுங்க, பில்லுல பேரிங் நம்பரும் ரிங் செட்டும் தனித்தனியா இருந்தா முதல் வகை. பில்லு இல்லைன்னா போல்ட் தலைகள பாருங்க. பாக்ஸையே பிரிச்சிருந்தா மூடி போல்ட்டுல புது ஸ்பானர் தடம் இருக்கும், மூட்டுல அனபாண்ட் பசை பிதுங்கி நிக்கும். முன்னாடி ஹவுசிங் போல்ட்ட மட்டும் தொட்டிருந்து மேல் மூடி போல்ட் துரு கலையாம இருந்தா, பாக்ஸ இறக்கி ஏத்தியிருக்காங்க, திறக்கவே இல்ல. பாக்ஸ் முழுக்க சில்வர் பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருந்தா எனக்கு சந்தோஷம் வராது, ஒழுகல மறைக்க டீசல்ல கழுவி அடிக்கறது அது. ஓட்டிட்டு வந்து அரைமணி நேரம் கழிச்சு அடியில அட்டை ஒண்ண விரிச்சு பாருங்க.

இனி நீங்களே வேற பாக்ஸ் தேட வேண்டி வந்தா சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி ஸ்பேர் கிடைக்கற கடைகள்ல 207 சாமான் தேடினா கிடைக்கும், இந்த வண்டிய நான் வேண்டாம்னு சொல்லாததுக்கு அதுவும் ஒரு காரணம், ஸ்பேருக்கு அலைய வேண்டியதில்ல. போகும்போது உங்க பழைய க்ளட்ச் ப்ளேட்ட கையில எடுத்துட்டு போங்க, அந்த பாக்ஸோட டாப் ஷாஃப்ட்டுல மாட்டி வழுக்கிட்டு போகுதான்னு பாருங்க, ஸ்ப்லைன் (ஷாஃப்ட்டுல இருக்கற வரிப்பல்லு) ஒத்துப்போகலைன்னா அங்கயே விட்டுட்டு வந்துடலாம். மேல் மூடிய திறந்து காட்டச் சொல்லுங்க, திறக்க மாட்டேன்னா வாங்காதீங்க.

உங்க வண்டிக்கு என் தீர்ப்பு கேட்டா இதான். அஞ்சு எண்ணிட்டு ரிவர்ஸ் போடற டெஸ்ட்ட முதல்ல பண்ணுங்க. க்ளட்ச்சுன்னு வந்து, இறக்கத்துல ஜம்ப் இல்லாம, ஆயில்ல சில்லு இல்லாம இருந்தா தாராளமா வாங்கலாம், க்ளட்ச் வேலைக்கு ரெண்டு பட்டறையில எழுதி வாங்கி அந்த தொகைய விலையில குறைச்சு கேளுங்க. ரெண்டாவது ரிங் மட்டும்னா வாங்கலாம், ஆனா எல்லா ரிங்கும் பேரிங்கும் ஒரே தடவையில மாத்தற செலவுக்கு பேரம் பேசுங்க, ஒண்ணு மட்டும் மாத்தறதுக்கு இறக்கற கூலி வேஸ்ட். இறக்கத்துல ரெண்டாவதோ மூணாவதோ ஜம்ப் ஆகி, பூட், மவுண்டிங் எல்லாம் சரியா இருந்தா, கியர், லே ஷாஃப்ட் செலவ முழுசா கழிச்சுக் குடுத்தா மட்டும் பாருங்க, அதுவும் சரி பண்ணாம ஒரு லோடுகூட மேல ஏத்த மாட்டேன்னு நீங்க உறுதியா இருந்தா. ப்ரொபெல்லர் ஷாஃப்ட்ட வெட்டி ஒட்டின வண்டின்னா விட்டுடுங்க. கடைசியா இஞ்சின் நம்பர ஆர்சியோட ஒத்துப் பாருங்க, பாக்ஸ மாத்தினவங்க சில சமயம் இஞ்சினோட சேத்தே மாத்தியிருப்பாங்க, ஆர்டிஓவுல பதியாத இஞ்சின்னா பேர் மாத்தும்போதும் எஃப்சிக்கு போகும்போதும் நீங்கதான் நிக்கணும்.